நடுநிலைக் கப்பலை நடுக்கடலில் மறித்தால்: பிடிப்பது கடற்படை, தீர்ப்பது நீதிமன்றம், கொல்வது தாமதம்

போரில் எந்தப் பக்கமும் சேராத ஒரு நாட்டின் சரக்குக் கப்பலைப் போர்க்கப்பல் ஒன்று நடுக்கடலில் மறித்து, ஆயுதம் தாங்கிய ஆட்களை அதில் ஏற்றியது என்று செய்தி வந்தால் ‘இது கடற்கொள்ளைதானே’ என்று பலரும் கேட்பார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. போரிடும் நாட்டின் போர்க்கப்பலுக்கு நடுநிலைக் கப்பலை நிறுத்திச் சோதிக்கும் உரிமை நெடுங்காலமாக உண்டு. 1798-ல் சுவீடன் நாட்டுச் சரக்குக் கப்பல்கள் தங்கள் நாட்டுப் போர்க்கப்பலின் காவலோடு வந்தபோது பிரிட்டிஷ் கடற்படையின் சோதனைக்கு உடன்பட மறுத்தன. அதில் ‘மரியா’ என்ற கப்பலின் வழக்கு 1799-ல் நீதிபதி சர் வில்லியம் ஸ்காட் முன் வந்தது. சோதனையைப் பலத்தால் எதிர்த்ததே பறிமுதலுக்குப் போதும் என்றார் அவர். சோதிக்கும் உரிமையைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், நிறுத்துவது, சோதிப்பது, துறைமுகத்துக்குத் திருப்புவது, பிடிப்பது, பறிமுதல் செய்வது ஆகிய ஐந்தையும் செய்திகள் ஒரே சொல்லால் சொல்லிவிடுகின்றன. இவை ஐந்தும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் வேறு அளவு ஆதாரம் வேண்டும். முதல் நான்கையும் கடற்படை செய்யலாம். ஐந்தாவதை நீதிமன்றம்தான் செய்ய முடியும். அந்த நீதிமன்றத்துக்கு ஆங்கிலச் சட்ட மரபில் பிரைஸ் கோர்ட் என்று பெயர். ஆனால் கப்பல் முதலாளியும் சரக்கு முதலாளியும் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பால் நொடிப்பதில்லை. தீர்ப்பு வரும்வரை போகும் நாட்களால்தான் நொடிக்கிறார்கள். போரிடும் நாடுகளுக்கும் இது நன்றாகத் தெரியும்.

யார் நிறுத்தலாம், எங்கே

போர்க்கப்பல், அல்லது அரசின் ராணுவ விமானம். தனியார் கப்பலுக்கு உரிமம் கொடுத்து எதிரிக் கப்பல்களை வேட்டையாட விடும் பழைய முறையை 1856-ம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனம் ஒழித்தது. அதற்குப் பிறகும் வழக்கு வந்தது. 1904 ரஷ்ய-ஜப்பானியப் போரில் ‘பீட்டர்ஸ்பர்க்’ என்ற ரஷ்யக் கப்பல் வணிகக் கொடியோடு கருங்கடலிலிருந்து துருக்கியின் நீரிணையைத் தாண்டி வெளியே வந்தது. பிறகு பீரங்கியைப் பொருத்திக்கொண்டு செங்கடலில் ‘மலாக்கா’ என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. ராணுவக் கப்பல்கள் அந்த நீரிணையைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய ஒப்பந்தம். வணிகக் கப்பலாக வந்ததென்றால் பிடிக்கும் உரிமை இல்லை, போர்க்கப்பலாக வந்ததென்றால் வந்ததே தவறு என்று பிரிட்டன் வாதாடியது. மலாக்கா விடுவிக்கப்பட்டது.

இடத்தைப் பொறுத்தவரை விதி எளிது: நடுநிலை நாட்டின் கடல் எல்லைக்குள், அதாவது இன்று 12 கடல் மைல் வரை, எதையும் செய்யக் கூடாது. அங்கே பிடிபட்ட கப்பலைத் திருப்பிக் கேட்கும் உரிமை அந்தக் கடலோர நாட்டுக்குத்தான் உண்டு. கப்பல் முதலாளி இதை வாதமாக வைத்தால் பிரைஸ் கோர்ட் பொதுவாகக் காதில் வாங்காது. கடலோர நாட்டின் அரசு நேரில் வந்து கேட்க வேண்டும். அவசரத்தில் வக்கீல் வைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டு நாட்களை வீணாக்குவார்கள்.

எந்தக் காரணத்துக்காக

பாரிஸ் பிரகடனம் சொன்ன நான்கில் மூன்று இன்றும் அடிப்படை. நடுநிலைக் கொடி பறக்கும் கப்பலில் எதிரியின் சரக்கு இருந்தாலும் அது போர்த்தடைச் சரக்கு, அதாவது எதிரியின் போருக்கு உதவும் சரக்கு, இல்லையென்றால் தொடக் கூடாது. எதிரிக் கப்பலில் நடுநிலை நாட்டுக்காரரின் சரக்கு இருந்தாலும் அப்படியே. முற்றுகை என்று அறிவித்தால் மட்டும் போதாது, அது உண்மையிலேயே கடலில் நடக்க வேண்டும்.

இந்த விதிகள் காகிதத்தில் மட்டும் கிடந்தவை அல்ல. 1914 செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் ஜெர்மனியின் ‘எம்டன்’ நடத்திய வேட்டையில் இவற்றில் முதல் இரண்டும் வேலை செய்தன. கிரேக்கக் கொடியோடு வந்த ‘போன்டோபோரோஸ்’ கப்பலை எம்டன் பிடித்தது. கொடி நடுநிலை, ஆனால் உள்ளே ஆறாயிரம் டன்னுக்கு மேல் பிரிட்டிஷ் தரப்புக்கான நிலக்கரி. ‘கபிங்கா’ பிரிட்டிஷ் கப்பல், மூழ்கடிக்கத் தடையில்லை. ஆனால் சரக்கு அமெரிக்கர்களுடையது. மூழ்கடித்தால் ஜெர்மனி இழப்பீடு கட்ட நேரிடும் என்று கேப்டன் ஃபான் முல்லர் அதை விட்டுவைத்து, மற்றக் கப்பல்களின் மாலுமிகளை ஏற்றி அனுப்பினார். ‘லோரெடானோ’ இத்தாலியக் கப்பல். இத்தாலி அப்போது நடுநிலை. சோதித்துவிட்டுப் போகவிட்டார்கள். அது நேரே போய் எம்டன் இந்தப் பக்கம் திரிகிறது என்று தகவல் சொல்லிவிட்டது. விதிப்படி நடந்ததற்கு எம்டன் கொடுத்த விலை அது.

பிடிப்பதற்கான காரணங்களை 1994-ன் சான் ரெமோ கையேடு தொகுத்திருக்கிறது. இது ஒப்பந்தம் அல்ல, வல்லுநர்கள் எழுதியது. ஆனாலும் கடற்படைகள் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். போர்த்தடைச் சரக்கை ஏற்றியிருப்பது, எதிரிப் படையினரை ஏற்றிச் செல்வதற்கென்றே கிளம்பிய பயணம், எதிரியின் கட்டுப்பாட்டிலோ வாடகையிலோ இயங்குவது, போலி ஆவணம் காட்டுவது அல்லது ஆவணத்தை அழிப்பது, மறைப்பது, போர் நடக்கும் இடத்தில் விதித்த கட்டுப்பாடுகளை மீறுவது, முற்றுகையை உடைக்க முயல்வது. இவற்றில் ஆவணத்தைப் பற்றியதை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். சரக்கு சுத்தமாகவே இருந்தாலும், கேப்டன் பயந்துபோய் ஒரு காகிதத்தைக் கடலில் வீசினால் அதுவே பிடிப்பதற்குக் காரணமாகிவிடும்.

போர்த்தடைச் சரக்கு எது என்பதில்தான் எல்லாப் போரிலும் சண்டை. 1909-ம் ஆண்டு லண்டன் பிரகடனம் மூன்று பட்டியல் போட்டது: ஆயுதம் போன்றவை எப்போதும் தடை, உணவு, எரிபொருள் போன்றவை எதிரியின் அரசுக்கோ படைக்கோ போனால் மட்டும் தடை, பருத்தி, ரப்பர், தோல் போன்றவை எந்நாளும் தடை இல்லை. பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1911-ல் இதற்கான மசோதாவைத் தள்ளியது. பிரகடனம் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. முதல் உலகப் போர் தொடங்கியதும் பட்டியல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. 1915 ஆகஸ்டில் பருத்தியே தடைப்பட்டியலுக்குப் போனது. துப்பாக்கி மருந்தான நைட்ரோசெல்லுலோஸைப் பருத்தியிலிருந்துதான் செய்கிறார்கள் என்பது காரணம். வேதியியல்படி அந்தக் காரணம் சரி. ஆறு வருடம் முன்பும் அது தெரிந்ததுதான்.

சான் ரெமோ கையேட்டின்படி தடைப்பட்டியலை முன்கூட்டி வெளியிட வேண்டும். மருத்துவப் பொருள், பொதுமக்களுக்கான அடிப்படை உணவு, உடை, படுக்கை, போர்க்கைதிகளுக்கான பொருள் இவற்றைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பட்டியலே வெளியிடாமல் ‘சந்தேகம்’ என்று மட்டும் சொல்லிக் கப்பலை நிறுத்தும் கடற்படைக்குச் சட்டத்தில் கால் ஊன்ற இடம் குறைவு.

சரக்கு உண்மையில் எங்கே போகிறது

நடுநிலை நாட்டிலிருந்து இன்னொரு நடுநிலை நாட்டுக்குப் போகும் கப்பலை நிறுத்துவதற்கு என்ன நியாயம்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘பீட்டர்ஹாஃப்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் மெக்சிகோவின் மாட்டமோரோஸ் நோக்கிப் போனபோது 1863-ல் பிடிபட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டமோரோஸ், இந்தப் பக்கம் தெற்குப் படைகளின் டெக்சாஸ். மெக்சிகோ துறைமுகத்தை அமெரிக்கா முற்றுகையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் படைக்கான சரக்கு கடைசியில் ஆற்றைத் தாண்டி எதிரியிடம் போவது உறுதியென்றால் அந்தச் சரக்கைப் பறிக்கலாம் என்றது. தொடர் பயணக் கோட்பாடு என்று சொல்வது இதைத்தான்: இடையில் எத்தனை துறைமுகம் வந்தாலும் கடைசிச் சேருமிடமே கணக்கு.

இதை எண்களால் நிரூபித்த வழக்கு ‘கிம்’. 1914 அக்டோபர், நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கோபன்ஹேகனுக்குக் கிளம்பிய நான்கு கப்பல்களில் ஒன்று அது. நான்கிலும் சேர்த்துப் பன்றிக்கொழுப்பு மட்டும் 1,92,52,000 பவுண்டு. போருக்கு முன் மூன்று வருடங்களில் டென்மார்க் இறக்குமதி செய்த கொழுப்பின் ஆண்டுச் சராசரி 14,59,000 பவுண்டு. ஒரு மாதத்துக்குள் பதின்மூன்று வருடத்துக்கான கொழுப்பு. பிரிட்டிஷ் பிரைஸ் கோர்ட் நீதிபதி சர் சாமுவேல் எவன்ஸ் 1915 செப்டம்பரில் பெரும்பகுதிச் சரக்கைப் பறிமுதல் செய்தார். சரக்குச் சீட்டுகளில் வாங்குபவர் பெயர் இல்லாமல் ‘ஆணைப்படி’ என்று மட்டும் இருந்ததும் சந்தேகத்தை வளர்த்தது. இன்றும் கொடுக்கல் வாங்கலில் ‘ஆணைப்படி’ சீட்டு சகஜம்தான். வங்கிக் கடனுக்கு அது தேவை. போர்ப் பகுதியின் ஓரத்தில் அதே சீட்டு நாட்கணக்கான விசாரணையைக் கூப்பிட்டுக் கொண்டுவரும்.

கப்பலில் ஏறும்போது நடப்பது

போர்க்கப்பல் பொய்க் கொடியோடுகூட நெருங்கலாம். சோதனை தொடங்குமுன் தன் கொடியை ஏற்றியாக வேண்டும். இன்றைக்கு முதற்பேச்சு விஎச்எஃப் வானொலியின் சேனல் 16-ல் நடக்கும்: கப்பலின் பெயர், கொடி, நிரந்தர அடையாளமான ஐஎம்ஓ எண், கிளம்பிய துறைமுகம், அடுத்த துறைமுகம், சரக்கு, மாலுமிகளின் எண்ணிக்கை. பல விசாரணைகள் இதோடு முடிந்துவிடும். பதில் பொருந்தவில்லை, அல்லது பதிலே இல்லையென்றால் ‘உடனே நில்’ என்ற பொருளுள்ள எல் கொடி, மஞ்சளும் கறுப்பும் கட்டம் போட்டது, ஏறும். அதற்கும் நிற்காவிட்டால் எச்சரிக்கைக் குண்டு, கப்பலின் முன்முகத்துக்கு முன்னால் விழும்படி. 2023 ஆகஸ்ட் 13-ம் தேதி கருங்கடலில் ரஷ்யாவின் ‘வசிலி பிகோவ்’, பலாவ் நாட்டுக் கொடியோடு உக்ரைனின் இஸ்மாயில் துறைமுகத்துக்குப் போன ‘ஷுக்ரு ஓகான்’ கப்பலை இப்படித்தான் சுட்டு நிறுத்தி, ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கிச் சோதித்து, பிறகு போகவிட்டது.

படகில் வருபவர்களுக்குக் கேப்டன் காற்று மறைந்த பக்கத்தில் ஏணி இறக்குவார். நீர்மட்டத்திலிருந்து தளம் 9 மீட்டருக்கு மேல் என்றால் கயிற்றேணி மட்டும் போதாது. பக்கவாட்டுப் படிக்கட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அலை கூடியிருக்கும்போது இந்த இடத்தில்தான் ஆட்கள் விழுவதும் நசுங்குவதும் நடக்கும். சுடுவதைவிட இதில் அடிபட வாய்ப்பு அதிகம்.

ஏறிய அதிகாரி முதலில் கேட்பது காகிதம். பதிவுச் சான்றிதழ், மாலுமிப் பட்டியல், பயண நாட்குறிப்பான லாக் புத்தகம், சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட், சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங், வாடகை ஒப்பந்தமான சார்ட்டர் பார்ட்டி, கடைசித் துறைமுகத்தின் அனுமதிச்சீட்டு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவார். மேனிஃபெஸ்டில் உள்ள எடைக்கும் கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதற்கும் பொருந்துகிறதா, லாக்கில் உள்ள பாதைக்கும் எரிபொருள் செலவுக்கும் பொருந்துகிறதா, கப்பலின் இடத்தை ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி அணைந்திருந்த மணிநேரங்களில் லாக் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். காகிதம் திருப்தியென்றால் சரக்கறையைத் திறக்க வேண்டியதில்லை. இல்லையென்றால் கேப்டன் முன்னிலையில், கப்பலின் ஆட்களைக் கொண்டே திறக்க வேண்டும். முடிவில் வந்த நேரம், போன நேரம், பார்த்தது என்ன என்பதை அதிகாரி லாக்கில் எழுதிக் கையெழுத்திடுவது மரபு.

திறப்பது என்பது சொல்வதற்கு எளிது. தானியக் கப்பலில் பயணத்தின்போது பூச்சி மருந்தாகப் பாஸ்பீன் வாயு வேலை செய்துகொண்டிருக்கும். வாயுமானி இல்லாமல் மூடியைத் திறந்து இறங்கினால் உயிர் போகும். நிலக்கரி, மரம், இரும்புத்துகள் ஏற்றிய அறைகளில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மழையில் திறந்தால் தானியம் நனைந்து கெடும், அந்த இழப்பு யார் தலையில் என்பது தனி வழக்கு. முப்பதாயிரம் டன் கோதுமைக்கு அடியில் பெட்டி ஒன்று இருக்கிறதா என்று கடலில் வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கன்டெய்னர் கப்பல் இன்னும் மோசம். பெரியவற்றில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் இருபதாயிரத்துக்கு மேல். சரக்கறையின் ஒரு மூடியே இருபது முப்பது டன் எடை. அதன் மேல் பல அடுக்குப் பெட்டிகள், இரும்புக் கம்பிகளால் பிணைத்தவை. சந்தேகப்படும் பெட்டி அடியில் இருந்தால் மேலே உள்ளவற்றைத் துறைமுகக் கிரேன்தான் எடுக்க முடியும். பில் ஆஃப் லேடிங்கில் ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்றுதான் எழுதியிருக்கும். பெட்டியை நிரப்பிப் பூட்டியது ஏற்றுமதியாளர், கப்பலில் யாரும் உள்ளே பார்த்ததில்லை. ஆக, கேப்டன் நேர்மையாகச் சொல்லும் பதிலுக்குக்கூடச் சாட்சி மதிப்பு குறைவு.

துறைமுகத்துக்குத் திருப்புவது

கன்டெய்னர் வருவதற்கு முன்பே இதுதான் தீர்வாக இருந்தது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக்குப் பயந்து நடுக்கடலில் நிற்பதையே விட்டுவிட்டு, பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களை ஆர்க்னித் தீவுகளின் கிர்க்வாலுக்குக் கொண்டுபோனது. ஓர் அதிகாரியும் சில மாலுமிகளும் ஆயுதத்தோடு ஏறுவார்கள். கப்பலை ஓட்டுவது அதன் சொந்த ஆட்கள்தான். மேனிஃபெஸ்டைத் தந்தியில் லண்டனுக்கு அனுப்புவார்கள். அங்கே போர்த்தடைச் சரக்குக் குழு ஒவ்வொரு வாங்குபவர் பெயரையும் இடைமறித்த தந்திகளோடும் கறுப்புப் பட்டியலோடும் ஒப்பிட்டு, விடு அல்லது இறக்கு என்று பதில் அனுப்பும். இரண்டாம் உலகப் போரில் கிர்க்வால், வெய்மத், டவுன்ஸ், ஜிப்ரால்டர், ஹைஃபா என்று சோதனைத் துறைமுகங்கள் பெருகின.

அமெரிக்கா அன்று கடுமையாக ஆட்சேபித்தது: சோதனை என்பது கடலில் கண்ணால் பார்ப்பதோடு முடிய வேண்டும், நிலத்தில் உட்கார்ந்து வெளிச் சாட்சியம் திரட்டும் விசாரணையாகக் கூடாது என்று. சட்டப்படி அந்த வாதம் வலுவானது. நடைமுறை அதைத் தோற்கடித்துவிட்டது. சான் ரெமோ கையேடு கடலில் சோதிக்க முடியாத நிலையில் கப்பலைத் தகுந்த இடத்துக்குத் திருப்பலாம் என்று ஏற்கிறது. திருப்பும் நாள் முதல் யார் பையிலிருந்து பணம் போகிறது என்பதை அது சொல்வதில்லை.

பணம் இப்படிப் போகிறது. மாதவாடகை ஒப்பந்தத்தில் கப்பல் நின்றாலும் வாடகை ஓடலாம், நிற்கலாம். அது அந்தந்த ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. எரிபொருளும் மாலுமிச் சம்பளமும் ஓடும். அடுத்த சரக்குக்குக் கொடுத்த தேதி தவறும். பழமும் மீனும் அழுகும். போர் அபாயக் காப்பீடு பிடிபடுவதையும் தடுத்து வைப்பதையும் கப்பலுக்கு ஈடுகட்டும். ஆனால் வழக்கமான விதியில் பன்னிரண்டு மாதம் கையைவிட்டுப் போயிருந்தால்தான் முழு இழப்பாகக் கருதுவார்கள், பலர் அதை ஆறு மாதமாகக் குறைத்து வாங்குகிறார்கள். சரக்குக் காப்பீட்டிலோ தாமதத்தால் வரும் இழப்பு பொதுவாக விலக்கு. காப்பீட்டாளர் ஏழு நாள் அறிவிப்பில் போர்க் காப்பை ரத்து செய்து புது விலை கேட்கவும் முடியும். ஒரு கப்பலைக்கூடப் பறிமுதல் செய்யாமல், பத்துக் கப்பலைப் பத்து நாள் நிறுத்தினாலே ஒரு கடல்வழியை ஆள் நடமாட்டம் இல்லாததாக்கிவிடலாம்.

பிரைஸ் கோர்ட்

கப்பலைப் பிடித்துத் துறைமுகத்தில் கட்டியதும் சரக்கறைகளுக்கு முத்திரை, ஆவணங்கள் முழுவதும் கட்டாக நீதிமன்றத்துக்கு, ‘எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை’ என்ற உறுதிமொழியோடு. கேப்டனிடமும் சில மாலுமிகளிடமும் வாக்குமூலம். நடுநிலைக் கப்பலின் மாலுமிகள் போர்க்கைதிகள் அல்லர். சாட்சியம் முடிந்ததும் விட வேண்டும். பிறகு கப்பல் முதலாளியும் சரக்கு முதலாளியும் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இங்கே சாதாரண நீதிமன்றப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓர் அதிர்ச்சி உண்டு: நியாயமான சந்தேகம் காட்டப்பட்டால், குற்றமில்லை என்று நிரூபிக்கும் சுமை கோருபவர் மேல் விழும்.

இன்னொரு அதிர்ச்சி இதைவிடப் பெரியது. முடிவில் கப்பலை விட்டாலும், பிடித்தபோது சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்தது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு கிடையாது. தாமதம் ஆயுதமாக இருப்பதற்குச் சட்டத்திலேயே உள்ள வேர் இதுதான்.

ஆனாலும் இந்த நீதிமன்றங்கள் அரசின் கைப்பொம்மை என்று ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க்கிலிருந்து ஸ்டாக்ஹோம் போன ‘ஜமோரா’ என்ற சுவீடன் கப்பலை 1915 ஏப்ரலில் பிரிட்டன் பிடித்தது. அதில் 400 டன் செம்பு. வழக்கு முடியுமுன்பே ராணுவத்துக்குச் செம்பை எடுத்துக்கொள்ள அரசு கேட்டது. 1916 ஏப்ரலில் மேல்முறையீட்டை விசாரித்த பிரிவி கவுன்சில், பிரைஸ் கோர்ட் நடத்துவது சர்வதேசச் சட்டம், அரசாணையால் அதை மாற்ற முடியாது என்றது. அவசரத் தேவையும், உண்மையான வழக்கும் இருந்தால், நீதிமன்றம் வழியாகக் கேட்டு எடுக்கலாம்; தானாக எடுக்க முடியாது. போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் சொந்த அரசுக்கு எதிராக வந்த தீர்ப்பு.

நீதிமன்றத்துக்கு வெளியே, நாட்டுக்கு நாடு தீர்ந்தவையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் 1899 டிசம்பரில், இன்றைய மொசாம்பிக்கின் டெலகோவா விரிகுடா அருகே ஜெர்மன் தபால் கப்பல் ‘புண்டஸ்ராத்’தைப் பிரிட்டன் பிடித்து டர்பனுக்குக் கொண்டுபோனது. சரக்கை இறக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஜனவரியில் விட்டு, இழப்பீடும் கொடுத்தார்கள். ஜெர்மனியில் அந்த ஆத்திரம் 1900-ம் ஆண்டுக் கடற்படை விரிவாக்கச் சட்டத்துக்கு ஆதரவு சேர்த்தது. ஒரு தபால் கப்பலை நிறுத்தியதற்குக் கிடைத்த பலனில் இதைவிட நஷ்டமான கணக்கு அதிகம் இருக்காது. 1912 ஜனவரியில் துருக்கியோடு போரில் இருந்த இத்தாலி, மார்செயிலிருந்து தூனிசியா போன பிரெஞ்சுக் கப்பல் ‘கார்த்தாஜ்’-ஐ ஒரு விமானத்துக்காக நிறுத்திக் காக்லியாரிக்குக் கொண்டுபோனது. நான்கு நாள் தாமதம். ஹேக் நடுவர் மன்றம் 1913 மே மாதம் 1,60,000 பிராங்க் கட்டச் சொன்னது. விமானம் எதிரிக்குத்தான் போகிறது என்று நம்புவதற்குப் போதுமான தகவல் இத்தாலியிடம் இல்லை என்பது காரணம். கார்த்தாஜுக்கு இரண்டு நாள் கழித்துப் பிடித்த இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் ‘மனூபா’வுக்குக் கிடைத்தது 4,000 பிராங்க் மட்டும். அதில் துருக்கியப் பயணிகள் இருந்தார்கள், அவர்களை ஒப்படைக்கக் கேட்கும் உரிமை இத்தாலிக்கு இருந்தது. முதலில் கேட்காமல் பிடித்ததுதான் தவறு.

தாமதம் எதிர்ப்பக்கமும் வெட்டும். காசா முற்றுகையை நோக்கி வந்த ஃபின்லாந்துக் கப்பல் ‘எஸ்டெல்’-ஐ இஸ்ரேல் 2012 அக்டோபரில் பிடித்தது. 2014-ல் ஹைஃபா நீதிமன்றம், 1864-ம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தின் வழியே பிரைஸ் கோர்ட்டாக இருக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனால் அரசு வழக்கைப் பதிவு செய்யவே மாதக்கணக்கில் காத்திருந்ததால் பறிமுதலை மறுத்தது. பிடித்தவர் உடனே நீதிமன்றம் போக வேண்டும் என்ற பழைய விதி நூறாண்டு கழித்தும் உயிரோடு இருந்தது.

பிடித்த கப்பலை எங்கே கொண்டுபோவது

சொந்தத் துறைமுகம் அருகில் இல்லாத நாட்டுக்கு இது தலைவலி. நடுநிலைத் துறைமுகத்துக்குப் போகலாமா என்றால், 1907-ன் ஹேக் உடன்படிக்கை கடல் ஓட்டத்துக்குத் தகுதியின்மை, மோசமான வானிலை, எரிபொருள் அல்லது உணவுப் பற்றாக்குறை ஆகிய காரணங்களுக்கு மட்டும் அனுமதிக்கிறது. காரணம் தீர்ந்ததும் கிளம்ப வேண்டும். 1939 அக்டோபரில் ஜெர்மனியின் போர்க்கப்பல் ‘டாய்ச்லாண்ட்’ பிடித்த அமெரிக்கக் கப்பல் ‘சிட்டி ஆஃப் ஃபிளின்ட்’ ட்ரோம்சோ, மூர்மான்ஸ்க் என்று சுற்றிக் கடைசியில் நார்வேயின் ஹவுகசுண்டில் நங்கூரம் போட்டது. உடம்பு சரியில்லாத ஆள் இருக்கிறார் என்றார்கள். அது பட்டியலில் உள்ள காரணம் அல்ல என்று நார்வேக்காரர்கள் இரவில் ஏறி, ஜெர்மானியர்களைக் காவலில் வைத்து, கப்பலை அதன் கேப்டனிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

கொண்டுபோக முடியாததால் மூழ்கடிப்பது விதிவிலக்கு. 1904 ஜூலையில் ரஷ்யர்கள் ‘நைட் கமாண்டர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை அப்படி மூழ்கடித்தது பெரும் கொந்தளிப்பானது. 1936-ன் லண்டன் நெறிமுறைப்படி முதலில் பயணிகள், மாலுமிகள், ஆவணங்கள் மூன்றும் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். கடலும் வானிலையும் ஒத்துழைத்து, கரையோ ஏற்றிக்கொள்ள வேறு கப்பலோ அருகில் இல்லையென்றால் உயிர்காப்புப் படகு அப்படிப்பட்ட இடமாகக் கருதப்படாது.

தப்பிக்க வழி

தாமதத்துக்கு மருந்தாகப் பிரிட்டன் 1916-ல் கொண்டுவந்தது நேவிசெர்ட்: ஏற்றுமதி நாட்டிலேயே தூதரகத்தில் சரக்கைக் காட்டிச் சான்று வாங்கிவிட்டால் வழியில் நிறுத்தமாட்டார்கள். 1939 இறுதியில் மறுபடி வந்தது. 1940 கோடை முதல் சான்று இல்லாத சரக்கே சந்தேகச் சரக்கு என்றாகிவிட்டது. சலுகையாகத் தொடங்கியது கட்டாயமானது. சான்று வாங்காத கப்பலுக்குப் பிரிட்டிஷ் துறைமுகங்களில் எரிபொருளும் பழுதுபார்ப்பும் காப்பீடும் மறுக்கப்பட்டன. கடலில் ஒவ்வொரு கப்பலையும் மறிக்காமலே நடுநிலை வணிகத்தை ஆண்டார்கள்.

இன்னொரு வழி சொந்த நாட்டுப் போர்க்கப்பலின் காவல். அதன் அதிகாரி சரக்கைப் பற்றி உறுதி கொடுத்தால் சோதனை வேண்டாம் என்பது சான் ரெமோ நிலைப்பாடு. ஸ்காட் காலத்து பிரிட்டன் ஏற்காதது. ஈரான்-ஈராக் போரில் 1986 ஜனவரியில் ஈரானியக் கடற்படை அமெரிக்கச் சரக்குக் கப்பல் ‘பிரசிடென்ட் டெய்லர்’-ஐச் சோதித்தபோது போரிடும் நாட்டுக்கு அந்த உரிமை உண்டு என்பதை அமெரிக்கா மறுக்கவில்லை. அடுத்த வருடமே குவைத்தின் 11 எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி ஏற்றிக் காவல் கொடுத்தது. கொடி மாற்றத்திலும் பொறி உண்டு: ஜெர்மானியரிடமிருந்து ஓர் அமெரிக்கர் வாங்கிய ‘டாசியா’, 1915-ல் பருத்தியோடு போனபோது பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது, போர் தொடங்கியபின் நடந்த விற்பனை செல்லாது என்பது பிரெஞ்சு விதி, கப்பல் போனது.

மறிப்பது எல்லாமே போர் உரிமை ஆகாது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019 ஜூலையில் ஜிப்ரால்டரில் ஈரானிய எண்ணெய் ஏற்றிய ‘கிரேஸ் 1’ நிறுத்தப்பட்டது தடைவிதிப்புச் சட்டத்தின் கீழ். பிறகு ஈரான் பிரிட்டிஷ் கொடி எண்ணெய்க் கப்பல் ‘ஸ்டெனா இம்பெரோ’வைப் பிடித்தபோதும் கடல்விதி மீறல் என்றுதான் காரணம் சொன்னது. போர் இல்லாத இடத்தில் போர்க்கால உரிமையைக் காட்ட முடியாது. எந்தச் சட்டத்தின் பெயரில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே எந்த நீதிமன்றம், எந்தக் காப்பீட்டு விதி என்பது மாறும். சுங்க விதி, வணிக விதி மீறலுக்காக நடந்த தடுப்புகளைப் போர்க் காப்பீட்டின் வழக்கமான விதிகள் விலக்குகின்றன.

ஆகவே ஆட்கள் ஏறிய நேரத்தில் கேப்டன் செய்ய வேண்டியவை சில. போர்க்கப்பலின் பெயரும் எண்ணும், நிறுத்திய நேரமும் இடமும், அதிகாரி சொன்ன காரணம் அவர் சொன்ன சொற்களிலேயே லாக்கில் பதிய வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் மறுத்ததையும் எழுத வேண்டும். எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது, புதிதாக எழுதவும் கூடாது. பயணப் பதிவுக் கருவியின் தரவை உடனே சேமிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் குறிப்பிட்ட மணிநேரத்துக்குப் பின் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அசல் ஆவணத்தைக் கொண்டுபோனால் பட்டியல் போட்டு ரசீது கேட்க வேண்டும். தனக்குப் புரியாத மொழியில் உள்ள காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கம் புரியவில்லை, ஆட்சேபத்தோடு’ என்று சேர்த்து எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.